பதினோரு தும்மல்

மண்ணூர்பேட்டையில் பொன்னம்மாள் காம்பவுண்டுக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்றாம் நம்பர் வீட்டில் குணசேகரன் தும்ம ஆரம்பிப்பார். பதினோரு தும்மல். ஏழாவதில் பொன்னம்மாள் எழுந்து மோட்டார் சுவிட்சைப் போடுவாள். ஒன்பதாவதில் நாலாம் நம்பர் வீட்டுக் கோவிந்தன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னும் ரெண்டு பாக்கி கீது குணா, போட்டு முடி," என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் இடையில் ஒரு சாண் சந்து. அது வழியாகக் கருவாட்டு வாசனை போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும், தும்மலும் போகும்.

போன வருஷம் ஆனி மாசம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அப்பா தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே வருவதில்லை. குணசேகரனின் மகள் ஷர்மிளாவுக்கு அதுதான் பயம். பதினாறு வயதில் அவள் இருட்டுக்குப் பயப்படவில்லை, பேய்க்கும் பயப்படவில்லை. ஒன்பதாவது தும்மலுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் வரும் அந்த வெற்று இடைவெளிக்குத்தான் அவள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வாள்.

குணசேகரனும் கோவிந்தனும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பதினான்கு வருஷம், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவர்கள். தகட்டைக் கீழ் அச்சில், அதாவது கீழ் டையில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் மாட்டாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன பீஸ் முடியாது. அதனால் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை போதும். சூப்பர்வைசர் ஞானசேகரன் பார்ப்பார், பார்க்காத மாதிரி போவார். வெளியாள் யாராவது வந்தால் டியூப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

பிரஸ் ஷாப்பில் இன்னொரு வழக்கம், தும்மலுக்கு மாத்திரை போடக் கூடாது. "மாத்திர போட்டா கண்ணு சொக்கும். கண்ணு சொக்குச்சுன்னா கை பூடும்," என்று அப்பா சொல்லிக் கேட்டே ஷர்மிளா வளர்ந்தாள். டாக்டர் "அலர்ஜி, தூசியும் பனியும் ஆகாது" என்று எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

மாத்திரை போடாத அப்பாவின் கை போகவில்லை. ஆனியில் ஒரு மத்தியானம், அப்பா டீ முடிந்து திரும்பிய மறு நிமிஷமே, டையில் தகடு மாட்டிக்கொண்டது. கோவிந்தன் குனிந்து அதை எடுக்கக் கை விட்டார். பட்டன் பக்கம் நின்றிருந்த அப்பாவுக்குத் தும்மல் வந்தது.

கோவிந்தனின் வலது கையில் இப்போது கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருக்கின்றன.

அப்பாவுக்கு ஒன்று மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. அன்று காலை டியூபை அவரே அவிழ்த்து வைத்திருந்தார். தும்மல் அதிகமாக இருந்த நாள், பயமாக இருந்தது. "ஒரு கை பட்டா மிசினு எறங்காதே, பஞ்சு," என்று அம்மாவிடம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். "அப்போ ரெண்டு கையும் நான்தான வெச்சிருக்கணும்? எப்பிடி வெச்சேன்?"

"யோவ், துன்ற சோத்துல அத்த ஏன்யா பேசுற? உடு," என்பாள் அம்மா பஞ்சவர்ணம்.

அவரால் விட முடியவில்லை. பிரஸ்ஸை விட்டு பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிவிட்டார். ராத்திரி உட்கார்ந்தே இருப்பார். மார்கழியில் ஒரு விடியற்காலை ஷர்மிளா கண்ணைத் திறந்தபோது, அப்பா துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தாள். தும்மிக்கொண்டிருந்தார். அந்தச் சந்து வழியாக நாலாம் நம்பர் வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங் செய்பவள். கூட வேலை செய்யும் ஒருத்தி சொல்லி, மேனாம்பேட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அக்குபங்சர் ஊசி வைக்கும் ஜெபா மேடத்தைக் கண்டுபிடித்தாள்.

"மருந்தே இல்லியாம்யா. மூக்குக்கு ரெண்டு பக்கம், நெத்தியில, கையில, சின்ன ஊசி. இருவது நிமிசம். அவ்ளோதான்."

"ஊசிய வெச்சிட்டு மருந்த அடிக்காம இன்னாத்துக்கு?"

"உனுக்குத்தான் மருந்து ஆவாதே. உன்ன மாதிரி ஆளுக்குன்னே கண்டுபிடிச்சிகீறாங்க, வா."

அப்பா போனார். வாரம் இரண்டு நாள். நாலு தடவை ஆகியும் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. "போதும் பஞ்சு. அவுனுக்கு மூணு வெரலு போச்சு. எனுக்குத் தூக்கம் போச்சு. சரியாத்தான் கீது," என்றார்.

அன்றைக்கு ராத்திரி ஷர்மிளா சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

ஒரு மாத்திரை. கரண்டியின் முதுகால் நசுக்கினால் சாக்பீஸ் தூள் மாதிரி ஆகிவிடும். அப்பாவுக்கு ராத்திரி கொடுக்கும் மிளகுப் பாலில் கலந்தால் கசப்பு தெரியாது. அவர் பேக்கிங்கில்தானே இருக்கிறார், அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டுகிறவருக்குக் கண் சொக்கினால் என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் கலந்தாள். அட்டை தீர்ந்ததும் டியூஷன் போகும் வழியில் அந்த மேனாம்பேட்டு மருந்துக் கடையிலேயே வாங்கினாள்.

மூன்றாம் நாள் தும்மல் ஐந்தாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் இரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை. அதைவிட, அப்பா தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, காலைப் பரப்பிக்கொண்டு, ஆறு மணி வரைக்கும் தூங்கினார். பொன்னம்மாள் இரண்டு நாள் மோட்டார் போட மறந்துபோய், காம்பவுண்டில் தண்ணீர் வரவில்லை.

"உன்னால என் பொயப்பு கெட்டுதுடா குணா. மணி தெரியாம தூங்கிட்டேன்," என்றாள்.

"எல்லாம் ஊசிதான்க்கா! மாயம்! நீயும் உன் முட்டிக்கு வந்து ஒண்ணு குத்திக்கோ."

"எனுக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். குத்துறதுக்கு முன்னயே பூடுவேன்."

காம்பவுண்டு முழுக்க அப்பா இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். எட்டு மாசம் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷர்மிளாவும் சிரித்தாள். தினமும் ராத்திரி கரண்டியால் நசுக்கினாள்.

மாசி பிறந்த வாரம் வியாழக்கிழமை, ஜெபா மேடத்திடம் அவளும் கூடப் போனாள். மருந்துக் கடைக்காரன் அவளைப் பார்த்து, "இன்னா பாப்பா, தும்மல் இன்னும் நிக்கலியா?" என்று கேட்க வாயெடுத்ததும் அவள் படியில் தடதடவென்று ஏறிவிட்டாள்.

அப்பா கட்டிலில் மல்லாந்திருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் முடி மாதிரி இரண்டு ஊசிகள், புருவத்துக்கு நடுவில் ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு கையிலும் ஒன்று. ஊசி ஆடாமல், உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்.

"மேடம், திங்கக்கெழம திரும்ப பிரஸ்ஸுக்குப் போறேன். ஞானசேகரன் சார் கூப்ட்டாரு. தும்மல்தான் பூட்ச்சே, வாடா குணா, ஆளில்லன்னாரு."

ஷர்மிளா கட்டிலுக்கு அருகே வந்தாள்.

ஜெபா மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், எதையும் சுற்றிப் பேசமாட்டார். "போயிடுச்சுன்னு யாருங்க சொன்னா? நான் சொன்னேனா?" என்றார்.

"தும்மல் இல்லியே மேடம்."

"இப்ப இல்ல. எனக்கும் சந்தோசம்தான். ஆனா இது சிலருக்குக் கொறையும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. கொறஞ்சாலும் கொஞ்ச நாள்ல திரும்பி வரும். மாத்திரைய விட்டுட்டு என்கிட்ட வாங்கன்னு நான் யாரையும் சொல்றதில்ல. தூக்கம் அவ்வளவா வராத மாத்திரையும் இருக்கு, மூக்குல அடிக்கிற ஸ்பிரேயும் இருக்கு. டாக்டரப் பாத்துக் கேளுங்கன்னு மொத நாளே சொன்னேன்."

"ஊசியே போதும் மேடம். கைராசி உங்குளுது."

"மேடம்," என்றாள் ஷர்மிளா. "ஊசி நெஜமாவே வேல செய்யுமா?"

ஜெபா மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நெறைய பேர வெச்சு சோதிச்சுப் பாத்துருக்காங்கம்மா. ஒரு பாதிக்கு நெஜ ஊசி. மீதிப் பேருக்கு, வேற எடத்துல சும்மா மேலாகக் குத்துறது. அவங்களுக்கும் கொறஞ்சிருக்கு, இவங்களுக்கும் கொறஞ்சிருக்கு. நெஜ ஊசி போட்டவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் கேக்குற?"

"சும்மா."

சும்மா குத்திக்கிட்டவங்களுக்கும் குறைந்தது. அப்படியானால் அப்பாவுக்குக் குறைந்தது எதனால்? ஷேர் ஆட்டோவில் வரும்போது அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரையை நிறுத்தினால் திங்கட்கிழமை பிரஸ் முன்னால் அப்பா தும்முவார். நிறுத்தாவிட்டால் பிரஸ் முன்னால் கண் சொக்குவார். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கை டைக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை கலந்தாள். சனிக்கிழமையும் கலந்தாள். அழுதுகொண்டே கலந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா மீன் குழம்பு வைத்தாள். எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, "நாலாம் நம்பர்ல குடுத்துட்டு வா. அவுரு பொண்டாட்டி நாகம்மா ஊருக்குப் போயிகீதாம், அந்த ஆளு தனியா கீது," என்றாள்.

கோவிந்தன் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையில் ஒரு ஸ்பூனை வைத்து, அதைக் கறுப்பு ரப்பர் பட்டையால் சுற்றிக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். ஒரு முனை பல்லில், மறு முனை இடது கையில். இறுக்குவதற்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"வா கண்ணு. இன்னா, மீனா? உங்கம்மா கொயம்பு வாசன மூக்க இட்டுகினு போவுது."

அவள் உட்காரவில்லை. அந்த ரப்பரையே பார்த்தாள். சைக்கிள் டியூப்.

"யாராச்சும் இறுக்கிக் கட்டுனாத்தான் நிக்கும். நாகம்மா கட்டுனா கூட நிக்காது. இறுக்குனா எனுக்கு வலிக்கும்னு பயந்துக்கும்." சிரித்தார். "அத்த உடு. இன்னாத்துக்கு உங்கப்பன் தும்மறதில்ல?"

"உங்களுக்கு… கேக்குமா மாமா?"

"எப்பிடிக் கேக்காத பூடும்? அஞ்சு மணி ஆனா இந்த மூணு வெரலும் முழிச்சிக்கும் கண்ணு. இல்லாத வெரலுதான். ஆனா நமநமன்னு அரிக்கும். உங்கப்பன் தும்மி முடிச்சாத்தான் அடங்கும். இப்போ ஒரு மாசமா தும்மலே இல்ல. அதுங்க பாட்டுக்கு காத்துகினு கீது."

ஷர்மிளா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்படியே உட்கார்ந்து, நாலாம் நம்பர் வீட்டுச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, சாமி படம், கரண்டி, மிளகுப் பால், மருந்துக் கடை, திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மேலே ஒரு சாண் சந்து இருக்கிறது என்ற நினைப்பில் கிசுகிசுவென்றே சொன்னாள்.

கோவிந்தன் டியூபைக் கட்டுவதை நிறுத்தினார்.

"அவன் நாளிக்கி பிரஸ்ஸுக்கா போறான்?"

"ஆமா மாமா."

"இந்த டியூப பாரு." உள்ளங்கையை நீட்டினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பறம் என் சோத்துப் பையில கெடந்துது. மொதலாளி வர்றதுக்கு முன்ன எவனோ பட்டன்லேர்ந்து உருவி உள்ள போட்டுகீறான். காலைல உங்கப்பன் இத்த அவுத்து வெச்சான். தும்மலா கீது, வேணாம் கோயிந்தான்னான். சரின்னேன். டீக்கு அவன் போனான். பீஸு கம்மியா கீதேன்னு, அவன் வர்றதுக்குள்ள நான் திரும்பக் கட்டிட்டேன். அவன்கிட்ட சொல்லல."

ஷர்மிளாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு கை பட்டால் மிஷின் இறங்காதே என்று கேட்டபடி அப்பா பிசைந்த சோறு கண் முன்னால் வந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

"மொதல்ல கம்பெனிக்காரன் உன் தப்புன்னு கைய விரிச்சிடுவானோன்னு பயம். அப்பறம் நாளாச்சு. நாளான பொய்ய வாய்ல வெச்சிகினு எப்பிடிப் பேசறது? அதான் அவன்கிட்ட பேசறதயே உட்டுட்டேன்." டியூபை உள்ளங்கையிலிருந்து உருவிக் கீழே போட்டார். "நீ போயி உன்னுத சொல்லு. இன்னிக்கே சொல்லு. என்னுத நான் சொல்றேன்."

அன்று ராத்திரி ஷர்மிளா மிளகுப் பாலை அப்படியே கொடுத்தாள். அப்பா குடித்துவிட்டுக் காக்கிச் சட்டையை நாற்காலியில் மாட்டி வைத்தார். இப்போது சொல்லலாம், படுத்தபின் சொல்லலாம், அம்மா தூங்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. மாத்திரை இல்லாத அப்பா புரண்டு புரண்டு படுத்தார். நாலேமுக்காலுக்கு எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கி ஏனோ தூக்கமே வரல ஷர்மி. திரும்ப மிசினுகிட்ட போறேனேன்னு கீதோ இன்னாவோ."

"ப்பா."

"இன்னா?"

"அது ஊசியில்லப்பா."

சமையல் மேடையில் கரண்டி இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். அம்மா நடுவிலேயே எழுந்து, "அடிப்பாவி," என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கையை ஓங்குவார் என்று ஷர்மிளா நினைத்தாள். ஓங்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்போ தூங்கினது?"

"மாத்திரைப்பா."

"ரெண்டுமா? தும்மல் நின்னதும், தூங்கினதும்?"

"தெரிலப்பா. ஊசியும்தான போட்ட. எதுன்னு எனுக்குத் தெரில."

அப்பா தன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். "நான் இன்னா நெனச்சிகினேன் தெரிமா? கோயிந்தன் மன்னிச்சிட்டான், அதான் தூக்கம் வருதுன்னு நெனச்சேன்."

மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து ஆக இரண்டு நிமிஷம். ஐந்து. அப்பாவின் மூக்கு விடைத்தது. அம்மா கொடியிலிருந்த கிளிப்பைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

ஒன்று.

இரண்டு, மூன்று அடுத்தடுத்து வந்தன. ஷர்மிளா விரலை மடக்கினாள். நாலாவது, ஷீட்டே அதிரும்படி வந்தது. அப்பா வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, ஐந்தாவதுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. சனிக்கிழமை மாத்திரை இன்னும் உடம்பில் கொஞ்சம் மிச்சமிருந்ததோ, மேனாம்பேட்டு ஊசியோ, மாசி பிறந்து பனி குறைந்ததோ, அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சந்து வழியாகக் குரல் வந்தது.

"இன்னா குணா, நாலோட நிறுத்திட்ட?"

அப்பா சந்துப் பக்கம் தலையை நிமிர்த்தினார். எட்டு மாசம் கழித்து அந்தக் குரல்.

"கதவ தொற. வரேன்."

கோவிந்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையில் டியூப் துண்டும் ஸ்பூனுமாக உள்ளே வந்தார். உட்காரவில்லை. டியூபை அப்பாவின் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"அன்னிக்கு நீ டீக்குப் போனப்ப இத்தத் திரும்பக் கட்டினது நான்டா."

அப்பா அந்த ரப்பரைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு முனையிலும் முடிச்சு விழுந்து விழுந்து வெளுத்த தடம். "அவுத்தேனே," என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. "நான் அவுத்து வெச்சேனே."

"அவுத்த. நீ அவுத்த."

அம்மா சத்தம் வராமல் அழுதாள். வெளியே பொன்னம்மாள் போட்ட மோட்டார் இரைந்தது. அப்பா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியில் இருந்த காக்கிச் சட்டையை எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டார்.

"ஷர்மி, அந்த மாத்திரைய எடு."

"ப்பா?"

"நசுக்காம குடு. முழுசா குடு. எல்லார் எதிர்லயும் போட்டுக்கறேன். ஞானசேகரன் சார்கிட்ட சொல்லிடறேன், நான் மாத்திர போடற ஆளு, என்ன மிசினு பக்கம் உடாதன்னு. டாக்டர் இன்னா சொல்றாரோ பாப்போம். வியாயக்கெயம ஊசிக்கும் போறேன். நாலோ அஞ்சோ, கொறஞ்சா கொறயட்டும்."

அட்டையிலிருந்து மாத்திரை உடையும் சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது. அப்பா விழுங்கினார், பஞ்சவர்ணம் ராத்திரி மீந்த மீன் குழம்பையும் சோற்றையும் தட்டில் போட்டாள். அப்பா கோவிந்தனை உட்கார வைத்து, அவர் வலது கையை இழுத்துத் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டார். வெறும் தழும்பாக இருந்த இடத்தில் ஸ்பூனைப் படுக்க வைத்தார். டியூபை ஒரு சுற்று சுற்றினார். பதினான்கு வருஷம் பட்டன் கட்டிய கை அது, தடுமாறவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"இறுக்கமா கீதா?"

கோவிந்தன் கையை ஆட்டிப் பார்த்தார். ஸ்பூன் லேசாக அசைந்தது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு குணா."